நயோம்போல்மியின் பாறைச் சுவர்

ஆஸ்திரேலியாவின் வடகோடியில், டார்வின் நகருக்குக் கிழக்கே காக்காடு தேசியப் பூங்கா பரந்து கிடக்கிறது. ஏறத்தாழ 20,000 சதுர கி.மீ. பரப்பு கொண்ட அந்த நிலத்தின் நடுவே புருங்குய் என்னும் மணற்கல் குன்று எழுந்து நிற்கிறது. நூர்லாஞ்சி என்று வெள்ளையர் பெயரிட்ட குன்று அதுதான். அதன் அடிவாரத்தில் அன்பங்பங் எனப்படும் பாறை ஒதுக்கிடம் இருக்கிறது. உலகெங்கிலுமிருந்து வரும் பயணிகள் அங்கே மரத்தாலான நடைபாதையில் நின்று, சுவரை அண்ணாந்து பார்க்கிறார்கள்.

சுவரில் மின்னலின் மூதாதையான நமர்கோன் நிற்கிறார். கைகளையும் கால்களையும் தலையையும் இணைத்து வளைந்தோடும் வெண்ணிறப் பட்டைதான் மின்னல். முழங்கால்களிலும் முழங்கைகளிலும் முளைத்திருக்கும் கற்கோடரிகளால் மேகங்களைப் பிளந்து அவர் இடியை எழுப்புகிறார். அருகே அவருடைய மனைவி பர்கின்ஞ். கீழே வரிசையாக ஆண்களும் பெண்களும். பக்கத்தில் எலும்பும் உள்ளுறுப்பும் தெரியத் தீட்டப்பட்ட மீன்கள்.

இவற்றைப் பல்லாயிரம் ஆண்டுகள் பழமையானவை என்று எண்ணாத பயணி அரிது. ஆனால், நாம் இன்று காணும் வடிவில் அவை தீட்டப்பட்டது 1963-64 காலகட்டத்தில். யூரி ககாரின் விண்வெளிக்குச் சென்று திரும்பி இரண்டு ஆண்டுகள் கழிந்த பிறகு, எழுபது வயதை நெருங்கிய ஒரு மனிதர் அந்தச் சுவரின் முன் நின்று வெண்களிமண்ணையும் செங்காவியையும் குழைத்தார். அவர் பெயர் நயோம்போல்மி. ஆஸ்திரேலியாவின் பாறை ஓவியர்களில் பெயர் அறியப்பட்டோர் மிகச் சிலர். அவர்களுள் தலையாயவர் அவர். பழங்கலையைப் பாதுகாப்பது என்றால் என்ன என்ற கேள்விக்கு அவருடைய வாழ்க்கை தரும் விடை, அருங்காட்சியகங்கள் தரும் விடையிலிருந்து வேறுபட்டது.

கல்வெளியில் பிறந்தவர்

நயோம்போல்மி 1895ஆம் ஆண்டை ஒட்டிப் பிறந்தவர். பிறந்த நாளைக் குறித்துவைக்க அங்கே பதிவேடு ஏதும் இருக்கவில்லை. அவர் பட்மர்தி குலத்தைச் சேர்ந்தவர். ஆர்னம் லேண்ட் மேட்டுநிலத்தின் செங்குத்துப் பாறைகளுக்கு இடையே ஓடும் டெஃப் ஆடர் பள்ளத்தாக்கு அக்குலத்தின் நிலம். இந்த வட்டாரத்திலுள்ள மத்ஜத்பேபே பாறை ஒதுக்கிடத்தில் நடந்த அகழாய்வு, மனிதர் அங்கே சுமார் 65,000 ஆண்டுகளுக்கு முன்பே வாழ்ந்திருக்கலாம் எனக் கணிக்கிறது. அதன் பழைய அடுக்குகளில் அரைத்த காவிக் கற்களும் கிடைத்தன.

அந்த மண்ணில் ஆண்டுக்குப் பருவங்கள் ஆறு. கார்காலத்துப் பெருமழையில் சமவெளி முழுவதும் நீரில் மூழ்கிவிடும். அப்போது குடும்பங்கள் மேட்டிலுள்ள பாறை ஒதுக்கிடங்களுக்குக் குடிபெயரும். மழை ஓயும்வரை அங்கேயே சமையல், உறக்கம், கதை எல்லாம். பாறைச் சுவரில் ஓவியம் பிறந்ததும் அந்த ஓய்வுக் காலங்களில்தான். அதற்கெனத் தனிக் கலைக்கூடம் இருக்கவில்லை. அடுப்பெரியும் இடத்துக்கு மேலே, பிள்ளைகள் விளையாடும் இடத்துக்குப் பக்கத்தில் ஓவியர் வேலை செய்தார். பிள்ளைகள் பார்த்துக் கற்றார்கள்.

கருவிகள் எளியவை. கோரைத் தண்டின் நுனியைச் சீவினால் தூரிகை. இரும்புச் சத்து மிகுந்த கல்லை அரைத்தால் சிவப்பு; மஞ்சள் காவி, கரி, வெண்களிமண் ஆகியவற்றிலிருந்து மற்ற நிறங்கள். ஆனால், உரிமை அத்தனை எளிதன்று. எந்த மூதாதையின் உருவை எவர் தீட்டலாம், எந்தக் கதையை எவர் சொல்லலாம், எந்த இடத்துக்கு எவர் போகலாம் என்பதைத் தந்தைவழிக் குலமும் தாய்வழி உறவும் சடங்குகளில் ஒருவர் எட்டிய நிலையும் சேர்ந்து தீர்மானித்தன. தூரிகை பிடிக்கத் தெரிந்தவரெல்லாம் நமர்கோனைத் தீட்டிவிட முடியாது. அந்த உரிமையைப் படிப்படியாகப் பெற்று வளர்ந்த கடைசித் தலைமுறைகளில் ஒன்றைச் சேர்ந்தவர் நயோம்போல்மி.

எருமைத் தோலும் மாவுப் பொட்டலமும்

அவர் பிறந்தபோதே அந்த உலகில் விரிசல் விழுந்திருந்தது. தெற்கே பைன் கிரீக் பகுதியில் 1870களில் தங்கம் கிடைத்தது. அதைத் தேடி வந்தவர்களோடு, அம்மக்கள் முன்பின் அறியாத நோய்களும் வந்தன. குளிர்காய்ச்சலும் தொழுநோயும் தட்டம்மையும் குடியிருப்புகளைச் சூறையாடின. ஒரு தலைமுறைக் காலத்தில் பல குலங்கள் ஆளின்றிப் போயின. மிஞ்சியவர்கள் சுரங்கங்களையும் மாட்டுப் பண்ணைகளையும் கிறித்தவ மடங்களையும் நோக்கி நகர்ந்தார்கள்.

இன்னொரு வரவும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வடகடலோரத்தில் குடியேற்றங்களை நிறுவ முயன்ற ஆங்கிலேயர் தீமோர் பகுதியிலிருந்து நீரெருமைகளைக் கொண்டுவந்து இறக்கினர். குடியேற்றங்கள் தோற்றன, எருமைகள் பல்கிப் பெருகின. நயோம்போல்மி வளர்ந்த காலத்தில் எருமைத் தோல் வணிகம் அந்த வட்டாரத்தின் பெருந்தொழிலாகியிருந்தது. கோடையில் வேட்டை முகாம்கள் கூடும். சுடுவதற்கு வெள்ளையரும் பூர்வகுடியினரும் இருந்தனர். தோலுரித்து, கழுவி, உப்பிட்டு, சுமந்து சேர்க்கும் கடும் உழைப்பு பெரும்பாலும் பூர்வகுடிக் குடும்பங்களின் தலையில் விழுந்தது. கூலி பெரும்பாலும் மாவு, தேயிலை, சர்க்கரை, புகையிலை எனப் பொருளாகவே தரப்பட்டது.

நயோம்போல்மி எருமை முகாம்களில் உழைத்தார். சுரங்க வேலையும் பார்த்தார். பிழைப்புக்காக வட்டாரம் முழுவதும் அலைந்தவர்களில் அவரும் ஒருவர். மீன்பிடிப்பதில் அவருக்கிருந்த தேர்ச்சியைக் கண்ட வெள்ளையர் அவரை ‘பாரமுண்டி சார்லி’ என்று அழைத்தார்கள். பாரமுண்டி என்பது நம் கடற்கரைகளில் கொடுவா எனப்படும் அதே மீன். முதலாளிகளின் கணக்கேடுகளுக்கு அந்தச் செல்லப்பெயரே போதுமானதாக இருந்தது. அவர் எந்தக் குலத்தவர், எந்தப் பாறைகள் அவரை அறியும் என்று கேட்கும் தேவை அவர்களுக்கு எழவில்லை.

இங்கேதான் அவருடைய வாழ்க்கையின் சிறப்பு இருக்கிறது. கூலி உலகம் அவரை முழுமையாக விழுங்கிவிடவில்லை. கோடையில் முகாமில் வேலை. மழை வந்து வேலை ஓய்ந்ததும் கல்வெளிக்குத் திரும்பும் பழைய வழக்கம். போகும் வழியெங்கும், தங்கிய பாறைகளிலெல்லாம் அவர் தீட்டினார். 1980களில் அவருடைய ஓவியங்களைத் தேடித் தொகுத்த ஆய்வாளர்கள், 40க்கும் மேற்பட்ட இடங்களில் 600க்கும் அதிகமான உருவங்களை அவருடையவை என அடையாளம் கண்டார்கள். உலகில் தனியொரு பாறை ஓவியருக்கு உரியவையாக இத்தனை படைப்புகள் இனங்காணப்பட்டிருப்பது மிக அரிது.

மீனின் முதுகெலும்பு

அவர் கைக்கு மிகவும் பழகிய உருவம் மீன். உள்ளுறுப்பு தெரியும் பாணியில், கொடுவாயும் சரடோகா மீனும் அவருடைய பாறைகளில் நீந்துகின்றன. முதுகெலும்பின் கணுக்கள், ஈரல், குடல், கொழுப்பு எல்லாம் தத்தம் இடத்தில் அமைந்திருக்கும். மீனைப் பிடித்து, அறுத்து, பங்கிட்டு உண்டவரின் கண் அதில் தெரிகிறது. எந்தத் துண்டு எந்த உறவினருக்கு உரியது என்பதும் அச்சமூகத்தில் முறைப்படுத்தப்பட்ட ஒன்று. ஆகவே, மீனின் உட்புறத்தைத் தீட்டுவது உடற்கூற்றியல் மட்டுமன்று. அது உறவுமுறையின் வரைபடமும்கூட.

மரபு மாறாதது என்ற எண்ணத்தையும் இந்தப் பாறைகள் கலைக்கின்றன. ஐரோப்பியரின் பாய்மரக் கப்பல், துப்பாக்கி, புகைக்குழாய், குதிரை எனக் கண்ணில் பட்ட புதியவை யாவும் அந்த வட்டாரத்துச் சுவர்களில் ஏறியிருக்கின்றன. புருங்குய் குன்றின் மறுபுறத்திலுள்ள நங்குலுவுர் ஒதுக்கிடத்தில் இரட்டைப் பாய்மரக் கப்பல் ஒன்று தெளிவாகத் தீட்டப்பட்டிருக்கிறது. நயோம்போல்மி தீட்டிய இடங்களுள் நங்குலுவுரும் ஒன்று. நீலக் கனிமம் கிடைக்காத அந்த மண்ணில், 20ஆம் நூற்றாண்டின் ஓவியர்கள் வெள்ளைத் துணிக்குப் போடும் சலவை நீலத்தைக் குழைத்துப் பாறையில் நீலம் தீட்டினார்கள். வெள்ளையர் வீட்டுச் சலவைத் தொட்டியிலிருந்து மூதாதையரின் சுவருக்கு அந்த நிறம் இடம்பெயர்ந்தது. உயிருள்ள மரபு எதிர்ப்படும் புதுமையை இப்படித்தான் தன்வயப்படுத்துகிறது.

பழைய ஓவியத்தின் மேலேயே புதியதைத் தீட்டுவதும் அங்கே இயல்பு. ஒரு சுவரில் பல அடுக்குகள் இருக்கும். மங்கிய மூதாதையின் உருவை உரிமையுள்ளவர் மீண்டும் துலக்குவது குற்றமன்று, கடமை. வீட்டுச் சுவருக்கு வெள்ளையடிப்பதைப் போலவும் விளக்குக்கு எண்ணெய் ஊற்றுவதைப் போலவும் அது தொடர வேண்டிய பணி.

1963-64: ஒரு பருவம்

1950களின் இறுதியில் நூர்லாஞ்சிப் பகுதியில் பழைய மரம் வெட்டும் முகாம் ஒன்று வேட்டைப் பயணிகளுக்கான விடுதியாக மாறியது. எருமையும் முதலையும் சுட்டு மகிழ வெளியூரிலிருந்து செல்வந்தர்கள் வந்தார்கள். எஞ்சியிருந்த பூர்வகுடிக் குடும்பங்கள் சில அங்கே வேலையும் உணவும் தேடித் தங்கின. முதிய நயோம்போல்மியும், அவருடைய தோழரும் ஓவியருமான ஜிமோங்குரும் அவர்களுள் இருந்தார்கள்.

அந்தப் பருவத்தில் அவர்கள் புருங்குய் பாறைகளுக்குப் போனார்கள். அன்பங்பங் சுவரில் பழைய உருவங்கள் மங்கிக் கிடந்தன. அதைவிட முக்கியமானது, அந்த ஒதுக்கிடத்தில் மழைக்காலத்தைக் கழித்த குடும்பங்கள் இல்லை. அடுப்பு அணைந்து வெகுகாலமாகியிருந்தது. அங்கே நயோம்போல்மியும் ஜிமோங்குரும் உடனிருந்தவர்களும் மீண்டும் தீட்டத் தொடங்கினார்கள். நமர்கோன் எழுந்தார். பர்கின்ஞ் எழுந்தார். அவர்களுக்குக் கீழே ஒப்பனையோடு ஆண்களும் பெண்களும் குழுவாக நின்றார்கள். பெண்கள் சிலரின் மார்பில் சிறு கோடுகள் இருக்கின்றன. பால் சுரப்பதை அவை குறிப்பதாகச் சொல்லப்படுகிறது.

இந்தச் செயலுக்கு ஆய்வாளர்கள் தரும் விளக்கங்களுள் ஒன்று நெஞ்சைத் தொடுவது. நோயும் இடப்பெயர்வும் காலி செய்த ஒரு நிலத்தில், குடும்பங்களையும் பாலூட்டும் தாய்மாரையும் தீட்டியதன் மூலம் அந்த முதியவர் தம் மக்களைத் தங்கள் இருப்பிடத்துக்கே மீட்டுக் கொண்டுவர விழைந்தார் என்கிறது அது. விடுதியில் வந்து குவிந்த அந்நியருக்கு, இந்த இடத்துக்கு உரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என உணர்த்தும் செயலாகவும் அதைக் கொள்ளலாம். கூடவிருந்த பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டும் என்ற நோக்கமும் இருந்திருக்கும். ஜிமோங்குரின் மகள் அப்போது சிறுமி. பாறையில் கையை வைத்து, சுற்றிலும் காவிநீரை வாயால் தெளித்துப் பதிக்கும் கை அச்சு அவளுக்கும் பதிக்கப்பட்டது. அரைநூற்றாண்டுக்குப் பிறகு, அவரே ஆய்வாளர்களை அந்தப் பாறைகளுக்கு அழைத்துச் சென்று, யார் எதைத் தீட்டினார்கள் என்று நினைவிலிருந்து எடுத்துரைத்தார். ஏட்டில் இல்லாத வரலாறு ஒரு சிறுமியின் நினைவில் பத்திரமாக இருந்தது.

நயோம்போல்மி 1967இல் மறைந்தார். அதே ஆண்டு மே 27 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில், மக்கள்தொகைக் கணக்கில் பூர்வகுடியினரையும் சேர்க்கவும், அவர்களுக்கென மத்திய அரசு சட்டம் இயற்றவும் வழிசெய்யும் அரசமைப்புத் திருத்தத்தை 90 விழுக்காட்டுக்கும் அதிகமான வாக்காளர்கள் ஆதரித்தார்கள். பெரும் ஓவியர் ஒருவர், தம் நாட்டின் மக்கள்தொகைக் கணக்கில் முழுமையாக எண்ணப்படாமலேயே வாழ்நாள் முழுவதையும் கழித்திருந்தார். அவருக்குப் பின் காக்காட்டுப் பாறைகளில் தீட்டும் வழக்கம் ஏறத்தாழ நின்றுபோயிற்று.

வண்ணத்துக்கு வந்த காவல்

அவர் மறைந்த பிறகுதான் அரசும் அறிவுலகமும் அந்தச் சுவர்களின் பக்கம் தீவிரமாகத் திரும்பின. செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்து டார்வினில் குடியேறிய ஜார்ஜ் சலுப்கா பல பத்தாண்டுகள் அந்தக் கல்வெளியில் நடந்து, பெரியவர்களின் துணையோடு ஆயிரக்கணக்கான ஓவியங்களைப் பதிவு செய்தார். 1979இல் காக்காடு தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. 1981இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. இதுவரை அங்கே 5,000க்கும் மேற்பட்ட ஓவிய இடங்கள் பதிவாகியுள்ளன. பதிவாகாதவை இன்னும் ஏராளம்.

ஓவியங்களுக்கு எதிரிகள் பலர். பாறையில் வழியும் மழைநீர், சுவரில் கூடு கட்டும் குளவி, காட்டுத்தீயின் வெப்பம், பயணிகள் கிளப்பும் புழுதி, உடம்பைத் தேய்த்துக்கொள்ளும் எருமை. நயோம்போல்மியின் தலைமுறை தோலுரித்த அதே எருமைகள், அவர்கள் தீட்டிய சுவர்களின் கீழ்ப்பகுதியை உரசி அழித்தன. 1980களில் பெருமளவில் எருமைகள் ஒழிக்கப்பட்டன. நீர் ஓவியத்தின் மேல் இறங்காமல் திசைதிருப்ப, பாறையின் விளிம்பில் சிலிக்கோன் பசையால் மெல்லிய வரப்பு இடுகிறார்கள். கூட்டம் சுவரை நெருங்காதபடி நடைபாதையும் தடுப்பும் அமைத்திருக்கிறார்கள். யாவும் வேண்டியவைதான். அந்த வேலைகளைச் செய்வோரில் அந்நிலத்தின் வாரிசுகளான வனக் காவலர்களும் உண்டு.

ஆனால், இவற்றைவிடப் பெரிய ஆபத்து நிலத்துக்கு அடியிலிருந்து வந்தது. 1969-70இல் அந்த வட்டாரத்தில் யுரேனியம் கண்டறியப்பட்டது. பூங்காவால் சூழப்பட்ட ரேஞ்சர் சுரங்கம் 1980களின் தொடக்கத்தில் உற்பத்தியைத் தொடங்கி, 2021 ஜனவரியில்தான் நிறுத்தியது. புருங்குய் குன்றிலிருந்து சில கி.மீ. தொலைவிலேயே கூங்காரா என்னும் இன்னொரு யுரேனியப் படிவு இருந்தது. ஜோக் குலத்தின் மூத்த காவலரான ஜெஃப்ரி லீ சம்மதித்திருந்தால் பெருஞ்செல்வம் அவரைத் தேடி வந்திருக்கும். அவர் மறுத்தார். அவருடைய விடாமுயற்சியால் 2011இல் கூங்காரா உலகப் பாரம்பரியப் பகுதியோடு சேர்க்கப்பட்டது. 2013இல் பூங்காவுக்குள் இணைந்தது. மின்னல் மூதாதையின் சுவரைக் காத்ததில் சிலிக்கோன் வரப்புக்குப் பங்கு உண்டு. ஒரு மனிதரின் மறுப்புக்கு அதைவிடப் பெரும்பங்கு உண்டு.

அந்த மறுப்புக்குப் பலம் தந்தது சட்டம். 1976ஆம் ஆண்டின் நில உரிமைச் சட்டம், வடக்குப் பிரதேசத்துப் பூர்வகுடியினருக்கு மூதாதையர் நிலத்தின் மீது உரிமை கோரும் வழியைத் திறந்தது. இன்று காக்காட்டு நிலத்தின் பெரும்பகுதி அவர்களுடையது. பூங்காவுக்காக அதை அவர்கள் குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள். நிர்வாகக் குழுவிலும் அவர்களே பெரும்பான்மை. இத்தகைய பிடிமானம் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜூக்கான் பள்ளத்தாக்கு சாட்சி. 46,000 ஆண்டு மனித வாழ்வின் தடயங்களைக் கொண்டிருந்த பாறை ஒதுக்கிடங்களை, இரும்புத் தாதுக்காக 2020 மே மாதம் ஒரு சுரங்க நிறுவனம் வெடிவைத்துத் தகர்த்தது. சட்டத்தை மீறி அல்ல. சட்டம் தந்த அனுமதியோடு.

எது பாதுகாப்பு?

இப்போது ஓர் இடறலான கேள்வியை நாம் எதிர்கொண்டாக வேண்டும். நயோம்போல்மி 1963-64இல் செய்ததை இன்று ஒருவர் தன்னிச்சையாகச் செய்தால், அது பாரம்பரியச் சின்னத்தைச் சிதைத்த குற்றமாகக் கருதப்படும். பழைய ஓவியத்தின் மேல் புதிய வண்ணம் பூசுவதைத் தொல்லியல் துறையின் எந்தக் கையேடும் ஏற்காது. ஆனால், அந்தச் செயல் விளைவித்த ஓவியத்தைத்தான் இன்று உலகம் தடுப்புக் கட்டிக் காத்து நிற்கிறது.

இந்த முரண் ஏட்டளவில் மட்டும் இருப்பதன்று. 1987இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பகுதியில், மழை தரும் மூதாதையரான வாஞ்சினா உருவங்களை நரின்யின் மக்கள் அரசின் வேலைவாய்ப்பு நிதியுதவியோடு மீண்டும் தீட்டினார்கள். இளைஞர்கள் பங்கேற்றார்கள். தொல்லோவியங்கள் பாழாகின்றன என்று கடும் எதிர்ப்பு எழுந்தது. ஓவியங்கள் மனிதகுலம் முழுமைக்கும் உரியவை என்றது ஒரு தரப்பு. துலக்காமல் விட்டால் வாஞ்சினாவின் ஆற்றல் குன்றும், மழை பொய்க்கும், ஆகவே தீட்டுவதே தங்கள் கடமை என்றது உரியவர்களின் தரப்பு.

எதிர்த்தவர்களின் கவலையை ஒதுக்கித் தள்ளிவிட முடியாது. ஒருமுறை மறைந்த அடுக்கு திரும்பாது. அதிலிருந்து அறியக்கூடியவை என்றென்றைக்கும் போய்விடும். போதிய பயிற்சி பெறாத கைகள் தீட்டினால் மரபின் நுட்பமும் கெடலாம். இந்தக் கவலை உரியவர்களுக்குள்ளும் உண்டு. எல்லாப் பாறைகளையும் எல்லோரும் தொடலாம் என்று அவர்களில் எவரும் சொன்னதில்லை. உண்மையில், உலகின் எந்தக் காப்பகச் சட்டத்தைவிடவும் கடுமையான விதிகள் அவர்களுடைய மரபிலேயே இருக்கின்றன. யார், எங்கே, எதை, எப்போது என்ற நான்கு கேள்விகளுக்கும் அங்கே விடை உண்டு.

ஆகவே, சிக்கல் வண்ணம் பூசலாமா கூடாதா என்பதில் இல்லை. அதை முடிவு செய்யும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதில்தான் இருக்கிறது. நயோம்போல்மியின் வெண்களிமண்ணும் ஒருநாள் உதிரும். பாறை ஓவிய வண்ணங்களில் வெள்ளை எளிதில் உதிர்ந்துபோவது. நமர்கோனின் மின்னல் பட்டை மங்கும் நாளில், அதை மங்கவிடுவதா, துலக்குவதா என்று சொல்ல வேண்டியவர்கள் அந்நிலத்தின் காவலர்கள். இரண்டு முடிவுகளுமே மரபுக்கு உட்பட்டவை. அவர்களைக் கேளாமல் எடுக்கப்படும் எந்த முடிவும், நோக்கம் எத்தனை நல்லதாக இருந்தாலும், அவரைப் ‘பாரமுண்டி சார்லி’ என்று கணக்கேட்டில் எழுதி முடித்துக்கொண்ட அதே மனப்பான்மையின் நீட்சிதான்.

முடிவெடுக்கத் தகுதியுள்ளவர்கள் இருக்க வேண்டுமானால், அவர்கள் அந்த நிலத்தில் வாழ வேண்டும். மொழி பேசப்பட வேண்டும். பிள்ளைகள் பெரியவர்களோடு பாறைகளுக்கு நடந்து போக வேண்டும். தொலைதூரக் குடியிருப்புகளில் பள்ளியும் மருத்துவமும் வேலையும் இல்லாவிட்டால் குடும்பங்கள் நகரத்துக்குப் பெயரும். பாறைகள் மீண்டும் தனித்து நிற்கும். ஆகவே, குடியிருப்புக்கு ஒதுக்கும் நிதியும் பாறை ஓவியப் பாதுகாப்புக்கான நிதிதான். இரண்டையும் வெவ்வேறு துறைகளின் தனித்தனிக் கோப்புகளாகப் பார்க்கும்வரை, வண்ணத்தைக் காத்து ஓவியரை இழப்பது தொடரும்.

நம்பிக்கைக்கு இடமுண்டு. காக்காட்டின் கிழக்கெல்லைக்கு அப்பால் குன்பலன்யாவில், இன்ஜாலக் குன்றின் பழைய பாறை ஓவியங்களுக்கு எதிரிலேயே கலைஞர்களின் கூட்டுக் கலைக்கூடம் ஒன்று 1989 முதல் இயங்குகிறது. அங்கே மரப்பட்டையிலும் தாளிலும் அதே மூதாதையர் எழுகிறார்கள். கோரைத் தண்டுத் தூரிகையின் மெல்லிய குறுக்குக்கோடுகள் தொடர்கின்றன. பாறையிலிருந்து இறங்கிய மரபு முற்றிலும் அறுபட்டுவிடவில்லை.

காக்காட்டில் பெருமழைக்கு முந்தைய புழுக்கமான மாதங்களில், செம்மஞ்சளும் நீலமுமாக ஒளிரும் ஓர் அரிய வெட்டுக்கிளி கல்வெளிச் செடிகளில் தோன்றும். நமர்கோனின் பிள்ளைகள் அவை. தந்தையைத் தேடிப் புறப்பட்டுவிட்டன. இனி இடியும் மின்னலும் வரும் என்பார்கள் அம்மக்கள். இந்தக் கதை தெரிந்தவருக்கு அன்பங்பங் சுவர் வரவிருக்கும் மழையைச் சொல்லும். தெரியாதவருக்கு அது அழகான பழம்படம். கதையைச் சொல்ல ஆள் இருக்கும்வரைதான் அந்தச் சுவர் ஓவியமாக இருக்கும் என்பதை நயோம்போல்மி அறிந்திருந்தார். மங்கிய சுவரின் முன், முதுமையிலும் ஒரு சிறுமியின் கண் பார்க்க, அவர் நின்று தீட்டியது அதனால்தான்.